பீப், பீக், கிளான்ஸ், சேர்ப்: எட்டிப் பார்க்கும் சொல்லையும் கீச்சிடும் சொல்லையும் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் 'பீப்' (peep) என்றால் கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பது. அதே 'பீப்' கோழிக்குஞ்சு கத்துவதையும் குறிக்கும். எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, ஆனால் சொல் இரண்டு. இந்த இடத்தில்தான் புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் இடறுகிறார்கள். 'முட்டையை உடைத்துக் குஞ்சு எட்டிப் பார்க்கிறபோது கத்துகிறது, அதனால்தான் ஒரே சொல்' என்று அழகாக ஒரு கதை கட்டிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மை அதுவல்ல.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரரைப் படகில் கூட்டிப் போகிற வழிகாட்டிகள், உயர்தரத்தில் ஆங்கிலம் எடுக்கிற பிள்ளைகள், மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம். பொருளைப் பிடிக்க முன்னர் வேரைத் தேடப் போனால் வேறு சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டு நிற்பீர்கள்.

1. தொடங்க முன்னர் மேசையில் இருக்க வேண்டியவை

இரண்டு அகராதி வேண்டும். ஒன்று, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று எழுதப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு வசனம் இருக்கும். மற்றது சொற்பிறப்பு அகராதி. இரண்டும் ஃபோனிலேயே கிடைக்கும்.

ஆங்கில–தமிழ் அகராதியை இப்போதைக்கு மூடி வையுங்கள். அது கடைசிப் படிக்கு. இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் அது 'பார்', 'நோக்கு' என்றுதான் சொல்லும். அதை முதலில் பார்த்தால் கிளான்ஸ் (glance), கிளிம்ப்ஸ் (glimpse), பீப் (peep), பீக் (peek), பியர் (peer) என்ற ஐந்து பார்வைச் சொல்லும் ஒரே சொல் என்று மனதில் பதிந்துவிடும்.

ஒரு கொப்பி. சொல்லுக்கு ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் இன்றைய பொருள், வலப்பக்கம் பிறப்பு. இரண்டையும் ஒரே பந்தியில் எழுதினால் பழைய பொருளை இன்றைய பொருள் என்று பாவிக்கத் தொடங்கிவிடுவோம்.

காலக் கணக்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1100 வரை பழைய ஆங்கிலம், 1100 முதல் 1500 வரை இடைக்கால ஆங்கிலம், அதன் பிறகு நவீன ஆங்கிலம். அகராதி இவற்றைச் சுருக்கெழுத்தில்தான் தரும்.

2. சொல்லைத் தனியாக எடுக்காமல் வசனத்தோடு எடுங்கள்

கேட்ட இடத்தில் வசனம் முழுவதையும் எழுதுங்கள். யார், எதை, எதன் ஊடாக என்பது அதில் இருந்தால்தான் எந்த 'பீப்' என்று சொல்ல முடியும். குறிப்பாக, சொல்லுக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லை விட்டுவிட வேண்டாம். 'அற்' (at) வந்ததா, 'த்ரூ' (through) வந்ததா, 'அவுட்' (out) வந்ததா, ஒன்றுமே வரவில்லையா? பாதி விடை அதில் இருக்கிறது.

3. தலைச்சொல்லின் தோளில் உள்ள எண்ணைப் பாருங்கள்

அகராதியில் 'பீப்' என்று தேடினால் தலைச்சொல்லின் மேல்மூலையில் பொடியாக 1 என்றும், அடுத்த தலைச்சொல்லில் 2 என்றும் இருக்கும். தோளில் இருக்கும் எண் வெவ்வேறு சொல் என்பதைக் காட்டுகிறது. உள்ளே, வசனங்களுக்கு முன்னால் வரும் எண் ஒரே சொல்லின் வெவ்வேறு பொருளைக் காட்டுகிறது. அதிகம் நடக்கிற பிழை இந்த இரண்டையும் குழப்புவதுதான்.

சில அகராதிகள் எண்ணை முதலில் சத்தத்துக்குக் கொடுக்கும், சில பார்வைக்குக் கொடுக்கும். எண்ணை மட்டும் கொப்பியில் எழுதினால் அகராதி மாறும்போது தலைகீழாகிவிடும். 'பீப்–பார்வை', 'பீப்–குரல்' என்று பெயர் வைத்து எழுதுங்கள்.

4. பார்வைச் சொற்களை மூன்று கேள்வியால் பிரியுங்கள்

கேள்விகள் இவை: வேண்டுமென்று பார்த்ததா, தானாகக் கண்ணில் பட்டதா? இடையில் மறைப்பு ஏதும் உண்டா? பார்ப்பது சுலபமா, கஷ்டமா? 'எவ்வளவு நேரம்' என்ற கேள்வி எல்லோருக்கும் முதலில் வரும், ஆனால் அது பெரிதாக உதவாது. இவற்றில் பல ஒரு கணம்தான்.

*கிளான்ஸ்*: வேண்டுமென்று, மறைப்பில்லாமல், ஒரு கணம். படகில் இருந்துகொண்டு கைக்கடிகாரத்தை ஒருக்கால் பார்ப்பது கிளான்ஸ். பின்னால் 'அற்' வர வேண்டும். 'அற்' இல்லாமல் ஆளின் பெயரை நேரே போடுவது பிழை.

*கிளிம்ப்ஸ்*: இது செயலைவிட அதன் விளைவைச் சொல்கிற சொல். முழுதாகக் காணவில்லை, ஒரு கீற்று மட்டும் கிடைத்தது. மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான பருவத்தில் திருகோணமலைக் கடலில் நீலத்திமிங்கிலத்தைத் தேடிப் போகிறீர்கள். முதுகு மேலே வந்தது, தண்ணீர் பீறியது, போய்விட்டது. அது கிளிம்ப்ஸ். இதற்குப் பின்னால் 'அற்' வராது. பார்த்த பொருளை நேரே போட வேண்டும். பெயர்ச்சொல்லாகப் பாவித்தால் 'கச் எ கிளிம்ப்ஸ் ஒஃப்' (catch a glimpse of). பயணிகளிடம் 'நாங்கள் திமிங்கிலத்தைக் கிளான்ஸ் பண்ணினோம்' என்றால், திமிங்கிலம் அங்கேயே நின்றது, நாங்கள்தான் அசட்டையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம் என்று ஆகும். காசு கொடுத்து வந்தவருக்கு அது நல்ல செய்தியல்ல.

*பீப்–பார்வை*: இடுக்கு, துவாரம், திரைச்சீலை என்று ஒரு மறைப்பு வேண்டும். தான் மறைந்திருந்து பார்ப்பது என்ற வாடையும் உண்டு. வேலிப் பொட்டுக்கால் பார்ப்பது பீப். பொருள்களுக்கும் வரும்: முகிலுக்குள் இருந்து நிலவு 'பீப்' பண்ணும், அதாவது கொஞ்சம் தலைகாட்டும். அப்போது 'அவுட்' சேரும்.

*பீக்*: பார்க்கக்கூடாததை, அல்லது பார்க்கும் நேரம் வர முன்னர், பார்ப்பது. ஒளித்துப் பிடித்து விளையாடும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்க்கிற பிள்ளை செய்வது பீக். பீப்புக்கும் பீக்குக்கும் இடையில் சுவர் மெல்லியது. பல வசனங்களில் ஒன்றை எடுத்து மற்றதைப் போட்டாலும் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். இரண்டையும் கறாராகப் பிரிக்க மல்லுக்கட்ட வேண்டாம்.

*பியர்*: பார்ப்பது கஷ்டம், அதனால் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்ப்பது. இருட்டு, தூரம், புகார், மங்கல் கண்ணாடி இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். திருகோணமலையின் உயரமான பாறைப் பிளவான இராவணன் வெட்டில் இருந்து கீழே கடலில் என்ன தெரிகிறது என்று பார்ப்பது பியர். மற்ற நான்கையும்போல் இது சட்டென்று முடிகிற பார்வை அல்ல. தமிழெழுத்தில் எழுதும்போது இன்னொரு தொல்லை: நாங்கள் போத்தலில் குடிக்கும் பியரும் இப்படித்தான் எழுதப்படுகிறது. ஆங்கிலத்திலேயே இறங்குதுறையைக் குறிக்கும் 'பியர்', ஒத்த தரத்தவரைக் குறிக்கும் 'பியர்' என்று ஒரே ஒலியில் வேறு இரண்டு உண்டு. ஒத்தவரைக் குறிப்பது, சமம் என்ற பொருளுடைய 'பார்' என்ற இலத்தீன் சொல்லில் இருந்து வந்தது. பார்வைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

5. இனி வேர்: பார்வைச் சொற்கள்

பொருள் பிடிபட்ட பிறகே வலப்பக்கத்தை நிரப்புங்கள்.

கிளான்ஸின் கதை இருப்பதிலேயே சுவையானது. 15ஆம் நூற்றாண்டில் அது கண்ணைப் பற்றிய சொல்லே அல்ல. வாளோ அம்போ நேரே பாயாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வழுக்கிப் போவதுதான் கிளான்ஸ். பழைய பிரெஞ்சில் 'வழுக்கு' என்ற வினையில் இருந்து வந்தது. அதற்கும் அடியில் இருப்பது பனிக்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் 'கிளாசியெஸ்'. பனியாற்றைக் குறிக்கும் 'கிளேசியர்' இதன் உறவுக்காரச் சொல். பார்வை வழுக்கிப் போவது என்ற பொருள் 1580கள் அளவில்தான் வருகிறது. பழைய பொருள் இன்னும் சாகவில்லை. கிரிக்கெட்டில் 'லெக் கிளான்ஸ்' என்பது என்ன? பந்தை அடிப்பதில்லை, மட்டையின் முகத்தைத் திருப்பி, உரசி வழுக்கி, காற்பக்கமாகப் போகவிடுவது. மைதானத்தில் ஒரு லெக் கிளான்ஸைப் பார்த்தவருக்கு இந்தச் சொல்லின் வேரை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கிளிம்ப்ஸ் வெளிச்சத்தின் குடும்பம். மினுக்கத்தைக் குறிக்கும் 'கிளீம்', 'கிளிமர்' ஆகியவை அதன் உறவு. பெயர்ச்சொல்லாக முதலில் மங்கிய ஒளிக்கீற்றைத்தான் குறித்தது. கணநேரக் காட்சி என்பது 16ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. நடுவில் உள்ள 'ப்' வேரில் இல்லை. 'ம்' சொல்லி 'ஸ்' சொல்ல வாய் திறக்கும்போது தானாக நுழைந்தது. அதை வைத்து வேர் தேடினால் நேரம்தான் வீண்.

பீக் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'பீக்கன்' போன்ற வடிவில் தென்படுகிறது. அதற்கு முன் என்ன என்று உறுதியில்லை. பீப்–பார்வை 15ஆம் நூற்றாண்டில் வருகிறது, பீக்கின் திரிபாக இருக்கலாம். இதே காலத்தில் இதே பொருளில் 'கீக்' என்றும் ஒரு சொல் இருந்தது. ஸ்கொட்லாந்துப் பேச்சில் அது இன்னும் உண்டு. மூன்றுக்கும் பின்னால் இடைக்கால டச்சு மொழியின் 'கீக்கன்' இருக்கலாம் என்பது ஒரு கருத்து. 'இருக்கலாம்' என்று அகராதி சொன்னால் கொப்பியிலும் 'இருக்கலாம்' என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுதுவதால்தான் ஊகம் உண்மையாகி ஊர் சுற்றுகிறது.

பியர் 1590கள் அளவில் இன்றைய வடிவத்தில் வருகிறது. தோன்றுதல் என்ற பொருளுள்ள 'அப்பியர்' என்ற சொல்லின் குறுகிய வடிவம் அதன்மேல் செல்வாக்குச் செலுத்தியிருக்கிறது என்பர். வேர் உறுதியில்லை.

6. குரல் சொற்களை யார் கத்துகிறார் என்று பார்த்துப் பிரியுங்கள்

தமிழில் மரபுச்சொல் படித்தவருக்கு இது சுலபம். காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், புறா குனுகும், ஆந்தை அலறும் என்று பறவைக்கு ஒரு வினை வைத்திருக்கிறோமே, அதே வேலைதான். ஆனால் ஆங்கிலம் பறவையின் இனத்தைவிடக் குரலின் அளவையும் தொடர்ச்சியையும் கூடப் பார்க்கிறது.

*சேர்ப்* (chirp): சின்ன, கூர்மையான, வெட்டி வெட்டி வரும் ஒலி. சிட்டுக்குருவிக்கு இது. சில்வண்டுக்கும் இதே சொல்தான். சுவரில் பல்லி 'சொன்னாலும்' ஆங்கிலத்தில் அது சேர்ப் பண்ணுகிறது. பறவைக்கு மட்டும்தான் என்று எண்ணி மொழிபெயர்த்தவர்கள் ஹோட்டல் அறைக்குள் குருவி கத்தியதாக எழுதியதுண்டு.

*சீப்* (cheep): குஞ்சின் மெலிந்த குரல். எழுத்துக்கூட்டலில் இரண்டு 'ஈ' வரும். 'ஈ'யும் 'ஏ'யும் வந்தால் அது மலிவு. *பீப்–குரல்* இதற்கு மிக நெருக்கம், இன்னும் சன்னம். 'ஒரு பீப்கூட இல்லை' என்று எதிர்மறையில் வந்தால் குஞ்சை மறந்துவிடுங்கள். அது மூச்சுக் காட்டாமல் இருப்பது.

*ட்விட்டர்*: தொடர்ச்சியாக, நடுங்கி நடுங்கி, பெரும்பாலும் பல பறவைகள் சேர்ந்து. பொழுதுபட மரத்தில் வந்தடைகிற கூட்டத்தின் இரைச்சல். 2006இல் தொடங்கிய சமூக வலைத்தளம் இந்தப் பெயரை எடுத்தது. 2023இல் 'எக்ஸ்' ஆகிவிட்டது. அதில் இடும் பதிவைத் தமிழர் 'கீச்சு' என்றது மிகப் பொருத்தமான தமிழாக்கம்.

புறாவுக்கு 'கூ', காகத்துக்கு 'கோ'. இவற்றில் குழப்பம் வருவதில்லை.

பிறப்பைப் பொறுத்தவரை எல்லாம் ஒலிக்குறிப்புச் சொற்கள், அதாவது கேட்ட ஒலியையே போலச் செய்து அமைத்த சொற்கள். ட்விட்டர் 14ஆம் நூற்றாண்டின் கடைசி. சேர்ப் 15ஆம் நூற்றாண்டு. சீப் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்துப் பக்கம். சேர்ப்புக்கு மட்டும் ஒரு சிறு சிக்கல். கிறீச்சிடுதல், பல்லைக் கடித்தல் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்ததாகவும் இருக்கலாம்.

7. 'பீ பீ' என்ற ஒலியின் வம்சத்தைத் தொடருங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். பீப்–குரல் ஏன் தனிச் சொல் என்பது இங்கேதான் உறுதியாகிறது.

இலத்தீனில் குஞ்சு கத்துவதற்கு 'பிப்பாரே', 'பிப்பீரே' என்ற வினைகள். கத்தும் குஞ்சுக்கு 'பிப்பியோ'. அது பழைய பிரெஞ்சில் 'பிஜோன்' ஆகி ஆங்கிலத்தில் 'பிஜன்' ஆயிற்று. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவை ஆங்கிலத்தில் 'பிஜன் ஐலண்ட்' என்கிறோம் அல்லவா? 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவின் பெயரில் உள்ள 'பிஜன்', வேர்ப்படி 'கீச்சிடும் குஞ்சு'. வளர்ந்த புறா கீச்சிடுவதில்லை, குனுகும். குஞ்சின் பெயர் தாய்க்கு ஏறிவிட்டது.

இரண்டாவது கிளை 'பைப்'. ஊதுகுழல் பீ பீ என்று கத்துவதால் அந்தப் பெயர். பிறகு குழல் வடிவான எல்லாவற்றுக்கும் போய், கடைசியில் எங்கள் முற்றத்துத் தண்ணீர்ப் பைப் வரை வந்துவிட்டது. கடற்படையில் ஊதும் சின்ன விசிலுக்கும் அதே பெயர்தான். இரவில் அதை ஊதிக் கப்பலை அடக்கும் கட்டளையில் இருந்தே 'பைப் டவுன்' என்றால் 'சத்தத்தைக் குறை' என்று ஆயிற்று. துறைமுக ஊரில் இருக்கிறவர்களுக்கு இது ஞாபகத்தில் நிற்கும்.

சரி, 'பைப்' ஏன் 'பை', 'பீப்' ஏன் 'பீ'? ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம்பெயர்ந்தன. முன்னர் 'ஈ' என்று ஒலித்தது 'ஐ' ஆயிற்று. பழைய 'பீப்ப' இந்த மாற்றத்தில் அள்ளுப்பட்டுப் 'பைப்' ஆயிற்று. ஆனால் குஞ்சு 'பை பை' என்று கத்தத் தொடங்கவில்லை. கேட்கிற குரலுக்கேற்ப மக்கள் 'பீப்' என்றே வைத்துக்கொண்டார்கள். ஒலிக்குறிப்புச் சொல் ஒலிமாற்ற விதியை மீறுவது இப்படித்தான். விதியை மட்டும் நம்பி வேர் தேடுகிறவர் இங்கே வழி தவறுவார்.

இப்போது கொப்பியில் இரண்டு 'பீப்' பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பீக்–கீக் கூட்டம், மற்றது குஞ்சு–குழல் கூட்டம். வலப்பக்கத்தில் ஒரு சொல்கூடப் பொதுவில் இல்லை.

8. ஒலி ஒத்தால் உறவு என்று எண்ண வேண்டாம்

ஆங்கிலத்தின் 'சீப்', தமிழின் 'கீச்', ஜெர்மனின் 'பீப்பன்' எல்லாம் ஒரே சாயல். ஒன்றில் இருந்து மற்றது போகவில்லை. மூவரும் கேட்டது ஒரே மாதிரிக் குஞ்சை. ஒலிக்குறிப்புச் சொல்லில் ஒற்றுமை உறவுக்குச் சாட்சியாகாது.

தமிழிலேயே ஒரு பொறி இருக்கிறது. பறவைக்குஞ்சுக்குப் பழைய பெயர் 'பார்ப்பு'. பக்கத்திலேயே 'பார்' என்ற வினை. 'பார்த்தீர்களா, தமிழிலும் குஞ்சும் பார்வையும் ஒன்று' என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். ஆங்கிலப் பீப்பில் நடந்த தற்செயலைத் தமிழில் ஒரு தற்செயலால் நிரூபிக்க முடியாது.

'கிரிக்கெட்'டும் அப்படியே. கிறீச்சிடும் ஒலியால் பெயர் பெற்ற சில்வண்டு ஒன்று, மட்டை விளையாட்டு வேறொன்று. தோளில் எண்ணைப் பாருங்கள், இரண்டு தலைச்சொல் இருக்கும்.

எழுத்துக்கூட்டலில் விழும் பிழை ஒன்று: இரண்டு 'ஈ' உள்ள பீக் பார்வை, 'ஈ', 'ஏ' உள்ள பீக் மலையுச்சி, 'கியூ' வரும் பீக் பிரெஞ்சில் 'குத்து' என்ற வினையில் இருந்து வந்தது, ஆவலைத் தூண்டுவது. முன்னோட்டத்தைக் குறிக்கும் 'ஸ்னீக் பீக்'கில் மலையுச்சியைப் போட்ட விளம்பரத் தட்டிகள் நிறைய உண்டு.

9. கடைசியாகத் தமிழ்

இப்போதுதான் ஆங்கில–தமிழ் அகராதியைத் திறக்கலாம். பல இடங்களில் அதைவிட எங்கள் பேச்சே கைகொடுக்கும்.

கிளான்ஸ்: 'ஒருக்கால் பார்த்தான்', 'கண்ணை ஓட்டினான்', 'சாடையாகப் பார்த்தான்'. 'அற் ஃபர்ஸ்ட் கிளான்ஸ்' வந்தால் 'பார்த்த பார்வைக்கு'. கிளிம்ப்ஸுக்கு வினையைத் திருப்பிப் போடுங்கள். 'திமிங்கிலத்தைக் கண்டோம்' என்பதைவிட 'திமிங்கிலம் கண்ணில் பட்டு மறைந்தது' என்பதே சரியான அளவு. பீப்: 'எட்டிப் பார்த்தாள்'. அயல்வீட்டுச் சங்கதி அறியப் பார்ப்பதென்றால் 'விடுப்புப் பார்த்தாள்' என்பதற்கு நிகர் வேறில்லை. பீக்: 'களவாகப் பார்த்தான்'. பியர்: 'கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்'. 'முறைத்துப் பார்த்தார்' என்று போட்டால் சண்டை வந்துவிடும்.

சேர்ப், சீப், ட்விட்டர் மூன்றுக்கும் 'கீச்சிடு' போதாது. குஞ்சுக்குக் 'கீ கீ என்றது', கூட்டத்துக்குக் 'கீச்சுக்கீச்சென்று இரைந்தன', பல்லிக்குப் 'பல்லி சொன்னது'.

10. நிரப்பிய பக்கம் எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கம் மாதிரிக்கு.

தலைப்பு: பீப்–குரல். வசனம்: கூட்டுக்குள் இருந்து ஒரு பீப்கூடக் கேட்கவில்லை.

இடப்பக்கம்: குஞ்சின் சன்னமான குரல், எதிர்மறையில் 'சிறு சத்தமும்'. பின்னால் எந்தச் சின்னச் சொல்லும் தேவையில்லை. தமிழ்: கீ கீ; மூச்சுக் காட்டவில்லை.

வலப்பக்கம்: ஒலிக்குறிப்பு. 1400 அளவில் இந்த வடிவம். அதற்கு முன் 13ஆம் நூற்றாண்டில் 'பீப்பன்'. உறவு: பைப், பிஜன். உறவல்ல: பீப்–பார்வை, பீக்.

'உறவல்ல' என்ற வரியை வெறுமையாக விட வேண்டாம். ஆறு மாதம் கழித்துக் கொப்பியைத் திறக்கும்போது, முட்டைக்குள் இருந்து எட்டிப் பார்த்த அந்தக் குஞ்சு திரும்பவும் வந்து நிற்கும்.